புதுப்பிப்பு: ஆர்எக்ஸ் 100 பிளாக், கார்புரேட்டர் என்ன ஆயிற்று

என் யமஹா ஆர்எக்ஸ் 100 பைக்குக்கு ஒரிஜினல் சிலிண்டர் பிளாக்கைக் கடையில் சொன்ன விலைக்கு வாங்குவதா, இருப்பதையே போர் போடுவதா (தேய்ந்த சிலிண்டரின் உட்புறத்தை லேத்தில் கொஞ்சம் பெரிதாகக் கடைந்து, அதற்கேற்ற பெரிய பிஸ்டன் போடுவதா) என்று இங்கே முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. போர் போட்டுவிட்டேன்.

சென்னையில் பழைய வண்டி உதிரிபாகம் விற்கும் புதுப்பேட்டையில் விசாரித்தபோது விலை இன்னும் ஏறியிருந்தது. 1996-இல் உற்பத்தி நின்றுபோன வண்டி. பழைய வண்டியைப் பிரித்தால்தான் அசல் பிளாக் கிடைக்கும், கேட்பவர்களோ கூடிக்கொண்டே போகிறார்கள். அந்த விலைக்கு வாங்கினாலும் அது ஏற்கனவே எத்தனை முறை போர் போட்டது என்று அளந்து பார்க்காமல் தெரியாது. சிலிண்டரின் உள்விட்டம் 50 மில்லிமீட்டர், அதற்கு மேல் 0.25 மில்லிமீட்டர் கணக்கில் 1.00 வரை ஓவர்சைஸ் பிஸ்டன் உண்டு. என்னுடையது 0.50-க்குத்தான் வந்திருக்கிறது, இன்னும் இரண்டு சைஸ் பாக்கி.

லேத்தில் கொடுப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். டூ ஸ்ட்ரோக் பிளாக்கில் போர் போட்டதும் போர்ட் (பெட்ரோல் கலவையும் புகையும் போய்வரும் துளை) விளிம்புகள் கத்தி மாதிரி நிற்கும். அதை லேசாகச் சாய்த்துத் தேய்க்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் பிஸ்டன் ரிங் அதில் மாட்டி உடையும். என் கண் முன்னால் செய்யவைத்தேன்.

அப்புறம் கார்புரேட்டர். மிக்குனி (ஜப்பானிய கார்புரேட்டர் கம்பெனி) என்று கடையில் காட்டிய இரண்டில் ஒன்று போலி. அசல் ஜெட்டில் (பெட்ரோலை அளவாக விடும் சின்னத் துளையுள்ள பாகம்) சதுரத்துக்குள் சதுரமாக ஒரு முத்திரை இருக்கும், அதில் இல்லை. மற்றதை வாங்கிவிட்டேன். விலை அதிகம்தான், ஆனால் ஐடிலிங் சீராக நிற்கிறது.

சைலன்சர் இன்னும் கிடைக்கவில்லை.