ஸ்ட்ராஸ்பர்க்கில் சைக்கிள்: பிரேக், தண்டவாளம், பூட்டு

செப்டம்பரில் பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க்குக்குப் படிக்க வருகிறவர்களுக்கு முதலில் பிரேக் பற்றிச் சொல்லிவிட வேண்டும். நம் ஊர் சைக்கிளில் வலது கை முன் பிரேக், இடது கை பின் பிரேக். பிரான்சில் இது நேர்மாறு. அவசரத்தில் பழக்கதோஷத்தில் இடது கையை இறுக்கினால் முன் சக்கரம் சட்டென்று நின்று, ஆள் ஹேண்டில்பாரைத் தாண்டிப் போய் விழுவார். வண்டி கைக்கு வந்ததும் சக்கரத்தை ஒவ்வொன்றாகத் தூக்கிச் சுற்றிவிட்டு, எந்தக் கை எதைப் பிடிக்கிறது என்று பாருங்கள். ஆளில்லாத இடத்தில் இரண்டையும் சேர்த்துப் பிடித்து இருபது தடவையாவது நிறுத்திப் பழகுங்கள். ரிம் பிரேக் (சக்கர வளையத்தை இருபக்கமும் கவ்விப் பிடிப்பது) என்றால் இரண்டு கேபிளையும் இடம் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் அந்த வண்டியை யாருக்காவது இரவல் கொடுத்தால் சொல்லிவிட்டுக் கொடுங்கள்.

இங்கே வலப்பக்கம்தான் ஓட்ட வேண்டும். பலகையோ சிக்னலோ இல்லாத சந்திப்பில் வலப்புறமிருந்து வருபவருக்கே முன்னுரிமை, அவர் சின்னச் சந்திலிருந்து வந்தாலும். பெரிய ரோட்டில் போகிறோம் என்ற தைரியம் செல்லாது.

*

பிரேக்குக்கு அடுத்தது டிராம் தண்டவாளம். ஊர் முழுக்கச் சமதரை, மேடே கிடையாது. விழுவதெல்லாம் பெரும்பாலும் தண்டவாளத்தில்தான். அதன் பள்ளத்தில் சாதாரண சைக்கிள் டயர் அப்படியே இறங்கிவிடும். கடப்பதற்கு முன்பே திரும்பிப் பார்த்து, கை காட்டி, எதிர்ப்பக்கமாகக் கொஞ்சம் ஒதுங்கி, பிறகு தண்டவாளத்தைக் குறுக்கே வெட்டுவது போல, முடிந்தவரை செங்கோணத்தில் ஏறுங்கள். சக்கரம் இரும்பின் மேல் இருக்கும் அந்த நொடியில் பிரேக் பிடிக்கக் கூடாது, வண்டியைச் சாய்க்கக் கூடாது. மழை பெய்திருந்தால் இரும்பு எண்ணெய் தடவியது போல் வழுக்கும். தண்டவாளத்தை ஒட்டியே ஓட்டிக்கொண்டு வந்து, சாய்வாக மெல்ல வெளியே வரலாம் என்று நினைப்பதுதான் விழுவதற்கு நிச்சயமான வழி.

ஓம் து ஃபெர் சதுக்கத்தில் பல டிராம் பாதைகள் ஒன்றையொன்று வெட்டுகின்றன. அங்கே இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். அரை நிமிடம்தான் கூடும்.

*

ரயர், ரியூப் விசயத்தையும் சொல்லிவிடுறன். எங்கட ஊரில பழகின வால்வு இங்க அநேகமாக இல்லை. ரெண்டு வகைதான்: கார் ரயரில இருக்கிற மாதிரித் தடிச்சது, மற்றது பிறெஸ்தா எண்ட மெல்லிசு. பிறெஸ்தாவுக்கு நுனியில ஒரு குட்டி நட் இருக்கும். அதைக் கழட்டி, ஒருக்கா அமத்தி, 'புஸ்' எண்டு கொஞ்சக் காத்து வந்த பிறகுதான் பம்பை வைக்கவேணும். பம்பைச் சரிச்சு இழுத்தால் அந்த ஊசி வளைஞ்சு முறிஞ்சிடும், பிறகு ரியூப் குப்பைக்குத்தான். தடிச்ச வால்வு பிறெஸ்தா ஓட்டைக்குள்ள போகாது.

ரியூப் வாங்க முதல் ரயரின்ர பக்கத்தில இருக்கிற எண்ணை வாசியுங்கோ. 37-622 எண்டால் அகலம் 37 மில்லிமீற்றர், ரிம் விட்டம் 622. பழைய பிரெஞ்சு வண்டிகளில விட்டம் 584உம் வரும், கண்ணால பார்த்தால் வித்தியாசம் தெரியாது. 37 ரயருக்கு 4 பார் (காத்தழுத்த அலகு) அளவில காத்து இருந்தால் நல்லம்.

கழட்டிப் பூட்டப் பழக ப்ரெட்ஸெல் எண்ட சங்கத்தின்ர பட்டறை இருக்கு. கருவியும் ஆலோசனையும் அவை தருவினம், வேலை உங்கட கையாலதான்.

*

பழைய வண்டி வாங்குகிறவர்கள் வண்டியின் சட்டத்தில் (ஃபிரேமில்) பொறித்த எண்ணைப் பாருங்கள். 2021 ஜனவரி 1 முதல் கடையில் விற்கும் புது வண்டிக்கும், அதே ஆண்டு ஜூலை 1 முதல் கடைக்காரர் விற்கும் பழைய வண்டிக்கும் இது கட்டாயம். அந்த எண்ணைத் தேசியப் பதிவேட்டில் தேடினால் வண்டி திருட்டுப் போனதா என்று தெரிந்துவிடும். தனியாள் விற்றால் எண்ணை உங்கள் பெயருக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள். ஒரு வருடம் மட்டும் படிப்பவருக்கு வேலோப் என்ற நகர வாடகைச் சைக்கிளே போதும் என்பது என் கருத்து.

கேபிள் பூட்டு வேண்டாம், ஒரு கட்டரில் போய்விடும். U பூட்டுதான். பின்சக்கரமும் சட்டமும் சேர்ந்து, தரையில் ஊன்றிய இரும்பு வளைவோடு மாட்ட வேண்டும். பூட்டுக்குள் வெற்றிடம் குறைவாக இருந்தால் நெம்புகோல் நுழையாது. முன்சக்கரத்துக்கு இன்னொன்று. சக்கரத்தை மட்டும் செருகி நிறுத்தும் தாங்கியை நம்பினால், திரும்பி வரும்போது அந்தச் சக்கரம் மட்டும் மிஞ்சியிருக்கும்.

*

அபராதம்: காதில் இயர்போன் 135 யூரோ, கையில் போன் 135, சிவப்பு விளக்கை மீறினாலும் 135. சிக்னலில் தலைகீழ் முக்கோணப் பலகையில் மஞ்சள் சைக்கிளும் அம்புக்குறியும் இருந்தால் மட்டும், அந்தத் திசையில், நடப்பவர்களுக்கும் மற்ற வண்டிகளுக்கும் வழிவிட்டுச் சிவப்பிலும் போகலாம். டிசம்பரில் ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடும். முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு விளக்கு இல்லாமல் கிளம்பாதீர்கள். மணி கட்டாயம். ஊர் எல்லைக்கு வெளியே இரவில் ஒளிரும் மேலங்கியும் கட்டாயம்.

ரைன் பாலம் தாண்டிக் கேல் (Kehl) ஊருக்குச் சாமான் வாங்கப் போகிறவர்கள் பாஸ்போர்ட்டையும் குடியிருப்பு அட்டையையும் பையில் வைத்துக்கொள்ளுங்கள். அக்கரை ஜெர்மனி.