செட்டிநாட்டு வெயிலில் பை உருளைக்கிழங்கு: எந்த ரகம் கைகொடுத்தது?

காரைக்குடி, மாடித்தோட்டம்

காரைக்குடிப் பக்கம் மாடியில் வளர்ப்புப் பையில் நட்டால் உருளைக்கிழங்கு வராது என்று யாராவது சொன்னால் நான் இரண்டு கேள்வி கேட்பேன். எந்த ரகம் போட்டீர்கள்? எந்த மாதம் போட்டீர்கள்? பெரும்பாலும் முதல் கேள்விக்குப் பதில் இருக்காது. சந்தையில் வாங்கியது முளைவிட்டிருந்தது, அதை நட்டோம் என்பார்கள். அந்தச் செடி பச்சைப்பசேல் என்று தழைத்து இடுப்பளவு நிற்கும். பையைக் கவிழ்த்தால் கோலிக்குண்டு அளவில் நாலு கிழங்குதான் உதிரும்.

பகல் வெயிலைவிட இரவுச் சூடுதான் இதற்குக் காரணம். ராத்திரி 15 முதல் 18 டிகிரி இருந்தால் செடி தண்டின் அடியில் கிழங்கு கட்டும். 20 டிகிரியைத் தாண்டினால் பெரும்பாலான ரகங்களில் கிழங்கு பிடிப்பது குறைந்துவிடும், சத்தெல்லாம் இலைக்கும் தண்டுக்கும் போகும். நம் ஊரில் மார்கழி, தை இரவுகளில்தான் 20 டிகிரியை ஒட்டி இறங்குகிறது. அந்தச் சின்ன இடைவெளிக்குள் கிழங்கு கட்டிவிட வேண்டும்.

நான் ஒரே வரிசையில் மூன்று ரகங்களை வைத்துப் பார்த்தேன். குஃப்ரி ஜோதி, குஃப்ரி புக்ராஜ், குஃப்ரி சூர்யா. குஃப்ரி என்பது சிம்லா பக்கத்து ஊர். மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிறுவனம் வெளியிடும் ரகங்களுக்கெல்லாம் அந்தப் பெயர்தான் முன்னால் வரும். ஜோதி 1968இல் வந்த பழைய ரகம், மலையிலும் வடக்கே சமவெளியிலும் நன்றாகப் பேர் வாங்கியது. என் மாடியில் அதற்கு இலைதான் மிச்சம். புக்ராஜ் சீக்கிரம் பருக்கும் ரகம், மஞ்சள் சதை. அது பரவாயில்லை, கிழங்கு குறைவு என்றாலும் ஒவ்வொன்றும் நல்ல கனம்.

சூர்யாதான் எனக்கு மனநிறைவு தந்தது. 2006இல் வெளியான இந்த ரகத்தை வெப்பம் தாங்குவதற்கென்றே உருவாக்கினார்கள். மகாராஷ்டிரப் பீடபூமிக்காக வந்த குஃப்ரி லௌகர்தான் இதற்குத் தாய். இரவு 20 டிகிரி இருந்தாலும் கிழங்கு கட்டும். தத்துப்பூச்சி உறிஞ்சி இலை ஓரம் கருகுவதையும் ஓரளவு தாங்குகிறது. என் பைகளில் பக்கத்து ஜோதி இலையெல்லாம் சுருண்டு கருகியபோது சூர்யா பச்சையாகவே நின்றது. நம்மைப் போன்றவர்கள் முதலில் தேட வேண்டியது இந்த ரகத்தைத்தான் என்று உறுதியாகச் சொல்வேன்.

தேவகோட்டை

ஆச்சி, நீங்கள் சொன்ன இரவுச் சூட்டோடு பைச் சூட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கறுப்புப் பையில் மத்தியானம் கைவைத்துப் பாருங்கள், வேர் வெந்துவிடும். எங்கள் மாடியில் தட்டோடு பதித்திருக்கிறது, சாயங்காலம் வரை அனலடிக்கும். நான் வெளிப்பக்கம் வெள்ளையாக இருக்கும் பைதான் வாங்கினேன். அடியில் செங்கல் கொடுத்துத் தரையிலிருந்து தூக்கி வைத்தேன், வேப்பமரத்து நிழல் மூன்று மணிக்கு மேல் விழும் இடமாகப் பார்த்து. மேலே வைக்கோல் கனமாகப் பரப்பினால் மண் குளிர்ச்சி நிற்கும்.

இன்னொரு விஷயம். பை உயரமாக இருந்தால் மண் ஏற ஏற அடுக்கடுக்காகக் கிழங்கு காய்க்கும் என்று படம் போட்டுக் காட்டுகிறார்கள். அதை நம்பி ஆள் உயரத்துக்கு மண் நிரப்ப வேண்டாம். நமக்குத் தோதான, சீக்கிரம் விளையும் ரகங்கள் நட்ட கிழங்குக்குச் சற்று மேலேயே ஒரே மட்டத்தில் கட்டி முடித்துவிடும். மண் அணைப்பது கிழங்கில் வெளிச்சம் படாமல் இருக்கத்தான். வெளிச்சம் பட்டுப் பச்சையான கிழங்கில் நச்சுச் சத்து ஏறும், சமையலுக்கு ஆகாது. ஒரு முழம் ஆழமும் அதே அகலமும் உள்ள பை, அதில் ஒன்றிரண்டு விதைக்கிழங்கு, அவ்வளவு போதும்.

நீங்கள் நட்டது எந்த வாரம்? விதை வெட்டி நட்டீர்களா?

காரைக்குடி, மாடித்தோட்டம்

ஐப்பசி மழை வெறித்தபின், கார்த்திகை முதல் வாரம். அதற்கு முந்தினால் அடைமழையில் விதை அழுகும். பிந்தினால் கிழங்கு பருக்கிற நேரத்தில் மாசி வெயில் வந்துவிடும். நட்டு நாலைந்து வாரத்தில் கிழங்கு பிடிக்கத் தொடங்கும், அது சரியாக மார்கழியில் விழ வேண்டும்.

வெட்டவே மாட்டேன். ஈரமும் சூடும் சேர்ந்த நம் ஊரில் வெட்டுவாய் அழுகிப்போகும். எலுமிச்சை அளவு முழுக்கிழங்கை முட்டை அட்டையில் கண் மேலே பார்க்க அடுக்கி, வெயில் நேராகப் படாத வெளிச்சத்தில் வைப்பேன். முளை குட்டையாக, பச்சையும் ஊதாவுமாகத் திரண்டு வரும். இருட்டு உள்ளறையில் வைத்தால் வெள்ளையாக நீண்டு, தொட்டால் ஒடியும். நம் செம்மண்ணோடு மக்கிய தொழுவுரமும் தேங்காய் நார்க்கழிவும் கலந்துகொள்வேன். பச்சைச் சாணம் கூடவே கூடாது, தோல் சொரசொரப்பாகச் சொறி பிடிக்கும்.

கானாடுகாத்தான்

ஊட்டிக் கிழங்கை நடலாமே, நம் மாநிலத்துச் சரக்குதானே என்று பலர் கேட்கிறார்கள். சாப்பிட அதைவிட ருசி இல்லை. விதைக்கு மட்டும் வேண்டாம். நீலகிரி மண்ணில் 1961இலேயே, உருளையின் வேரைத் தாக்கும் முட்டைக்கூட்டு நூற்புழு கண்டுபிடிக்கப்பட்டது. அதனால்தான் அங்கிருந்து விதைக்காகக் கிழங்கை வெளியே கொண்டுபோகக் கட்டுப்பாடு இருக்கிறது. அந்தப் புழுவைத் தாங்க உருவாக்கிய குஃப்ரி சுவர்ணா அந்த மலைக்கானது, நம் வெயிலுக்கானது அல்ல.

என் அனுபவம் வேறு வழியில் போனது. வளவில் முற்றத்து ஓரம் காலை வெயில் மட்டும் படும் இடத்தில் சூர்யாவையும் சிறுகிழங்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். சிறுகிழங்கு துளசிக் குடும்பம், உருளைக்கு உறவே இல்லை, ஆனால் நம் சூட்டுக்குப் பிறந்தது. ஆடி, ஆவணியில் கொடியின் நுனியைக் கிள்ளி நட்டால் பொங்கலுக்குத் தோண்டலாம். வருடம் முழுக்க இரவுச் சூட்டைப் பார்த்துக் கவலைப்பட முடியாதவர்கள் இதில் தொடங்குங்கள். திருவனந்தபுரம் கிழங்கு ஆராய்ச்சி நிலையத்தின் ஸ்ரீதாரா என்ற ரகம் இருக்கிறது. சுரண்டுவதற்குள் விரல் கறுத்துவிடும், அது ஒன்றுதான் சிரமம். பொறுமையாகச் சுரண்டி, சின்ன வெங்காயமும் சோம்பும் தட்டிப்போட்டுப் பிரட்டினால் உருளை பக்கத்தில் நிற்க முடியாது.

காரைக்குடி, மாடித்தோட்டம்

சிறுகிழங்கு பற்றிச் சொன்னது முழுக்கச் சரி, தம்பி. அடுத்த ஆடிக்குக் கொடி கொஞ்சம் கொடுங்கள்.

விதைக்கிழங்கு வாங்கப் போகிறவர்களுக்கு: விற்பவரிடம் ரகத்தின் பெயரைக் கேளுங்கள், பெயர் சொல்லத் தெரியாவிட்டால் வாங்காதீர்கள். அப்போதுதான் தோண்டிய கிழங்கு என்றால் இரண்டு, மூன்று மாதம் உறங்கும், கார்த்திகைக்கு முளைக்காது. அதனால் உறக்கம் முடிந்த, குளிர்கிடங்கில் இருந்து எடுத்த கிழங்கா என்றும் சேர்த்துக் கேளுங்கள்.