மூன்று கை மாறி வந்த படை: பேஸை எல்லாம் பெயர்க்கவா, விடவா?

கடைசி வரிசை எழுதியது:

மேசையில் பொம்மைப் படைகளை நிறுத்தி, பகடை உருட்டி ஆடும் போர் விளையாட்டுக்காக 28 மி.மீ. அளவில் நெப்போலியன் காலத்து பிரிட்டிஷ் காலாட்படை ஒன்று கைக்கு வந்திருக்கிறது. புதிதல்ல, எனக்கு முன்னால் மூன்று பேரிடம் இருந்தது. எல்லாம் உலோகம், மொத்தம் 132 பொம்மைகள். (வீட்டில் பொம்மை என்றுதான் சொல்கிறார்கள், எனக்கும் பழகிவிட்டது.) பெயின்டில் குறையில்லை. சிக்கல் காலுக்குக் கீழே, பொம்மை நிற்கும் அடித்தட்டில், அதாவது பேஸில். 48 பேர் ஆளுக்கொரு வட்ட பேஸில், கிளிப்பச்சை ஃப்ளாக்கோடு (புல் மாதிரி தெரிய ஒட்டும் தூள்). 60 பேர் ஆறாறு பேராக 60 மி.மீ. அகல எம்டிஎஃப் (மரநார் பலகை) துண்டுகளில், மணல் ஒட்டி வெளிர் மஞ்சள் அடித்தது. ஸ்பெயின் போருக்காகச் செய்தவை போலிருக்கிறது. மீதி 24 பேர் வெறும் அட்டையில். சேர்த்து நிறுத்தினால் மூன்று நாட்டுப் படை மாதிரி தெரிகிறது.

நான் ஆட நினைப்பது 1815 ஜூன் 16, வாட்டர்லூவுக்கு இரண்டு நாள் முன்பு நடந்த காத்ர் பிரா சண்டை. மேசை 6 அடிக்கு 4 அடி. அதற்காகத் தெர்மாகோலில் ஒரு மேடு செதுக்கி, ஆசையாக ஸ்ப்ரே பிரைமர் அடித்தேன். அடித்த இடமெல்லாம் அரித்துக்கொண்டு போய் மேடு பள்ளமாகிவிட்டது.

எல்லாவற்றையும் பெயர்த்து ஒரே மாதிரி வைக்க வேண்டுமா? அப்புறம், அங்கே இருந்த ஆள் உயர ரை (கோதுமை மாதிரி ஒரு தானியம்) வயலை எதில் செய்வது?

நடுமேசை எழுதியது:

பெயர்க்காதீர்கள். வட்ட பேஸ்காரர்களுக்குத் துளை போட்ட டிரே செய்து அடியில் காந்தத் தாள் ஒட்டினால் ஒரு மாலையில் வேலை முடிந்தது. என் ஆஸ்திரியர்கள் ஒன்பது வருடமாக அட்டையில்தான் நிற்கிறார்கள். பகடைக்கு அதெல்லாம் தெரியாது.

பழைய பீரங்கி எழுதியது:

நடுமேசையின் ஆஸ்திரியர்களைப் பார்த்திருக்கிறேன், அதைப் பற்றி வேறொன்றும் சொல்வதற்கில்லை.

தம்பி, முதலில் மேசையை முடியுங்கள், பேஸ் அப்புறம். பேஸை நான் எப்போதுமே மேசையோடு சேர்த்துத்தான் கணக்குப் பண்ணுவேன். சுவருக்கு அடிக்கிற எமல்ஷனில் அடர் பழுப்பு ஒரு டப்பா வாங்கி, மேசைக்கும் பேஸுக்கும் அதையே அடியுங்கள். கொஞ்சம் மூடி போட்ட பாட்டிலில் எடுத்து வைத்துவிடுங்கள். அடுத்த வருடம் பத்து பேர் சேர்ந்தால் அதே நிறம் வேண்டும். காய்ந்ததும் அதைவிட வெளிர் பழுப்பை இரண்டு தடவை டிரைபிரஷ் (பெயின்டைத் துடைத்த தூரிகையால் மேலாகத் தேய்ப்பது), அதன்மேல் ஃப்ளாக். ஃப்ளாக்கும் ஒரே கலவையாக இருக்கட்டும். பேஸின் விளிம்புக்குக் கறுப்பு வேண்டாம், அதே பழுப்புதான். கறுப்பு விளிம்பு அலமாரியில் அழகு, மேசையில் ஒவ்வொரு பேஸையும் கோடு போட்டுக் காட்டிக்கொடுக்கும்.

இப்படிப் பார்த்தால் அந்த 60 பேரைப் பெயர்க்கவே வேண்டாம், மணலின் மேலேயே பழுப்பு அடித்தால் போதும். மற்ற 72 பேரை எடுத்து அதே 60 மி.மீ. அகலத்துக்குக் கொண்டுவாருங்கள். சூப்பர் க்ளூவில் ஒட்டியிருந்தால் இரண்டு மணி நேரம் ஃப்ரீசரில் வையுங்கள். குளிரில் அது கண்ணாடி மாதிரி நொறுங்கும், கத்தி முனையை நுழைத்து லேசாகத் திருப்பினால் ‘டக்’கென்று வரும். வெள்ளைப் பசை என்றால் இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறட்டும். எதுவானாலும் கணுக்காலைப் பிடித்து முறுக்காதீர்கள், அது ஒடிய வசதியான இடம். புது எம்டிஎஃப் 3 மி.மீ. இருக்கட்டும். 2 மி.மீ. துண்டில் தண்ணீர் கலந்த பசையைத் தடவினால் ஓடு மாதிரி வளைந்துவிடும்.

ரை வயலுக்கு தேங்காய் நார் மிதியடி. உலகம் முழுக்க இந்த விளையாட்டில் இருப்பவர்கள் செய்வதுதான். அடியில் ரப்பரோ பிவிசியோ ஒட்டிய மிதியடியாக எடுங்கள். வெறும் நெசவு என்றால் வெட்டியதும் பிரிந்து கொட்டும். பின்பக்கத்திலிருந்து வெட்டி, ஓரத்தில் வெள்ளைப் பசை தடவுங்கள். நார் 15 மி.மீ. உயரம் என்றால் உங்கள் சிப்பாய்க்கு இடுப்பளவுதான் வரும். உண்மையில் அன்றைக்குக் கதிர் ஆளை மறைத்தது. அப்படியே செய்தால் நீங்கள் பார்ப்பது தொப்பிகளை மட்டும்தான், அதனால் இடுப்பளவே நல்லது.

ஒரு தொல்லை உண்டு. படையை நாரின் மேல் வைத்தால் பேஸ் ஆடும், சரியும். நான் மிதியடியை 60 மி.மீ. அகலக் கீற்றுகளாக வெட்டி வைத்திருக்கிறேன். படை நுழைந்தால் அந்தக் கீற்றை எடுத்துவிட்டு, நாரை 5 மி.மீ.க்குக் கத்தரித்து அழுத்திவிட்ட இன்னொரு கீற்றைப் போடுவேன். மிதிபட்ட வயல். ஆட்டம் முடியும்போது யார் எந்த வழியாகப் போனார்கள் என்று மேசையே காட்டும். இதற்கு ஒரு ஞாயிறு முழுக்கப் போனது, வருத்தமில்லை.

தெர்மாகோல் விஷயம்: ஸ்ப்ரேயில் உள்ள கரைப்பான்தான் அதைத் தின்றது. வெள்ளைப் பசையில் எமல்ஷன் கலந்து இரண்டு பூச்சு தூரிகையால் அடித்து மூடுங்கள். சூப்பர் க்ளூவையும் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள். நான் இதைக் கற்றுக்கொண்டது ஒரு ஆற்றங்கரை முழுவதையும் பறிகொடுத்து.

கடைசியாக, அந்த 60 பேரின் தொப்பியைப் பாருங்கள். நேரான குழாய் மாதிரி இருந்தால் அது ஸ்பெயின் காலத்து ஷாக்கோ. 1815-இல் பெரும்பாலான ரெஜிமென்ட்டுகள் முன்பக்கம் உயர்ந்த புதிய ஷாக்கோவுக்கு மாறிவிட்டன. ஆனால் 28-ஆவது ரெஜிமென்ட் பழையதையே போட்டுக்கொண்டு காத்ர் பிராவில் நின்றது. லேடி பட்லர் 1875-இல் வரைந்த ஓவியத்தில் அவர்கள் குதிரைப்படையை எதிர்த்து நின்ற சதுர அணி, அந்த ரைக் கதிர் எல்லாம் இருக்கிறது. ஒரு ரை வயலைத் தேடிப் பிடித்து, சிறுவர்களை விட்டு மிதிக்கவைத்துப் பார்த்துவிட்டு வரைந்தாராம். 28-ஆவதின் காலர் மஞ்சள், உங்களுடையவர்களுக்கும் அப்படி இருக்கிறதா பாருங்கள்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

காத்ர் பிரா போர்க்களத்தில் இருந்த ஜெமியோன்கூர் பண்ணையையும் செய்வீர்கள் என்று நினைக்கிறேன். அளவு பார்த்துச் செய்துவிடாதீர்கள். ஒரு பட்டாலியனின் 600 பேர் இரண்டு வரிசையாக நின்றால் முகப்பு சுமார் 165 மீட்டர். மேசையில் அந்தப் பட்டாலியனாக நிற்கும் உங்கள் 24 பொம்மை இரண்டு வரிசையில் 24 செ.மீ. அப்படியானால் மேசையில் 1 மி.மீ. என்பது தரையில் 70 செ.மீ. அந்தக் கணக்கில் 20 மீட்டர் வீடு 3 செ.மீ.க்குள் அடங்க வேண்டும். பொம்மையின் உயரத்துக்கு (1:56) செய்தால் அதே வீடு 36 செ.மீ., ஒரு முழு பட்டாலியனைவிட அகலம்! கதவை மட்டும் பொம்மை உயரத்துக்கு வைத்து, சுவர் நீளத்தைத் தயங்காமல் குறையுங்கள். சைபோர்ன் என்ற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி 1838-இல் முடித்த வாட்டர்லூ போர்க்கள மாதிரியிலும் இதே தகராறுதான்: நிலம் மைலுக்கு 9 அடி, அதாவது ஏறக்குறைய 1:587. அதன் மேல் நிற்கும் ஆட்களோ 10 மி.மீ.

கடைசி வரிசை எழுதியது:

மூன்று வாரம் ஆனது. தொப்பி குழாய்தான். 60 பேரில் 36 பேருக்குக் காலர் மஞ்சள்! பழைய பீரங்கி அண்ணா, அன்று இரவு தூக்கம் வரவில்லை.

ஃப்ரீசர் வேலை செய்தது. 72 பேரில் 71 பேர் முழுதாக வந்தார்கள். முரசு அடிப்பவன் மட்டும் நான் அவசரப்பட்டதில் இரண்டு கணுக்காலையும் இழந்தான். கத்தரித்த மிதியடித் துண்டு ஒன்றில் மல்லாக்கப் படுக்கவைத்து, முரசைப் பக்கத்தில் ஒட்டிவிட்டேன். எந்தப் பட்டாலியன் குலைந்தாலும் அதன் பின்னால் அவனைத்தான் வைக்கிறோம்.

நடுமேசை எழுதியது:

மிதியடி எவ்வளவு பெரியது வாங்கினீர்கள்? சும்மா கேட்டேன்.