இரண்டாம் மொழியில் சொல்லைப் பிரித்துப் படிக்கிறோமா, முழுசாக விழுங்குகிறோமா?

ஒற்றெழுத்து:
சண்டைக்கு வருபவர்கள் கடைசிவரை படித்துவிட்டு வாருங்கள். என் கட்சி இது: வளர்ந்தபின் ஒரு மொழியைக் கற்பவருக்கு முன்னொட்டு, பின்னொட்டு, வேற்றுமை உருபு என்று அட்டவணை போட்டு மனப்பாடம் செய்ய வைப்பது வீண். வாசிக்கும்போது அவர்கள் அதைத் தொடுவதே இல்லை. சொல்லை முழுசாக விழுங்குகிறார்கள்.

சும்மா சொல்லவில்லை. 2008இல் சில்வா, கிளாசன் என்ற மொழி ஆய்வாளர்கள் இருவரும் வெளியிட்ட சோதனையைப் பாருங்கள். திரையில் ஒரு சொல் சுமார் 60 மில்லிவினாடி மின்னி மறையும். பார்த்தோம் என்றே தெரியாது. உடனே இன்னொரு சொல் வரும். அது உண்மையான சொல்லா என்று பொத்தானை அழுத்திச் சொல்ல வேண்டும். உதாரணத்துக்கு, 'வாக்ட்' (walked) மின்னியபின் 'வாக்' (walk) வந்தால் ஆங்கிலத் தாய்மொழிக்காரர் சட்டென்று அழுத்திவிடுகிறார். அந்த இமைப்பொழுதிலேயே இறந்தகால விகுதி கழன்று பகுதி தனியாக நிற்கிறது என்று அர்த்தம். சீனரும் ஜெர்மானியரும் ஆங்கிலத்தில் நல்ல தேர்ச்சி உள்ளவர்கள்தான், ஆனால் அவர்களுக்கு அந்த வேகம் வரவே இல்லை. ஜெர்மன் மொழியிலேயே இறந்தகால விகுதி உண்டு, அப்படியும் இல்லை. பண்பைப் பெயர்ச்சொல்லாக்கும் '-நெஸ்' (-ness), '-இட்டி' (-ity) போன்ற ஒட்டுகளில் ஓரளவு வந்தது, அதுவும் தாய்மொழிக்காரர் அளவுக்கு இல்லை.

விதியை ஓட்டும் நினைவு வேறு, சொல்லைச் சேமிக்கும் நினைவு வேறு, வயது ஏறிக் கற்பவர் இரண்டாவதில்தான் அதிகம் சாய்கிறார் என்று மூளை ஆய்வாளர் உல்மன் சொல்வது இதோடு பொருந்துகிறது.

விகுதிப்பித்தன்:
60 மில்லிவினாடியில் நடப்பதை வைத்து என் அட்டவணையைக் கிழிக்கச் சொல்கிறீர்கள். சாதாரண வாசிப்பில் கண் ஓரிடத்தில் நிற்பதே 200, 250 மில்லிவினாடி. இரண்டாம் மொழியில் இன்னும் கூட. அவ்வளவு நேரத்தில் என்னென்னவோ நடக்கலாம்.

பெரியவர்களுக்குத் தமிழ் சொல்லித்தருவது என் பிழைப்பு. போன வாரம் ஒரு மாணவர் 'அவன் காலை நீட்டிப் படுத்தான்' என்ற வரியில் நின்றுவிட்டார். காலை என்றால் விடிந்த பொழுது, அதை எப்படி நீட்டுவது, தூங்கியே மதியம் ஆக்கினானா என்று கேட்டார். நான் பதில் சொல்லாமல் பென்சிலைக் கொடுத்து, "இதை இரண்டாகப் பிரியுங்கள்" என்றேன். 'கா'வுக்கும் 'லை'க்கும் நடுவில் கோடு போட்டார். தப்பு. வெட்டு விழ வேண்டியது 'லை' என்ற எழுத்துக்கு உள்ளே: ல் கால் பக்கம், ஐ உருபு பக்கம். கூத்து என்னவென்றால், அந்த ஐகாரக் கொம்பை நாம் ல-வுக்கு முன்னால் எழுதுகிறோம். கடைசியில் வரும் உருபு கண்ணுக்கு முதலில் தெரிகிறது! கோடு போட இடமே இல்லாத இடத்தில் கோடு போடச் சொல்லியிருக்கிறேன் பாவம்.

'கால்' என்று தனியாக எழுதி, அப்புறம் ஐ சேர்த்துக் காட்டினேன். அடுத்த பக்கத்தில் 'கடலைப் பார்த்தான்' வந்தபோது கொண்டைக்கடலையைத் தேடாமல் கடலுக்குப் போய்விட்டார். ஆமாம், முதலில் அவர் விழுங்கத்தான் செய்தார். விழுங்கியதால்தான் தொண்டையில் சிக்கியது.

ஒற்றெழுத்து:
இதை எனக்கான சாட்சியாகவே எடுத்துக்கொள்கிறேன். உங்கள் மாணவர் தானாகப் பிரிக்கவில்லை. வாசிப்பை நிறுத்தி, பென்சில் எடுத்து, ஆசிரியர் பக்கத்தில் உட்கார்ந்த பிறகு பிரித்தார். அதைக் கணக்குப் போடுவது என்று சொல்லலாம், வாசிப்பு என்று சொல்ல முடியாது. பாலை குடிக்கும்போது பசுவை நினைப்பவர் யார்?

தாய்மொழிக்காரர் பிரிப்பது யோசித்து அல்ல, பொருளைக்கூடப் பார்க்காமல். ராஸ்டில், டேவிஸ், நியூ மூவரும் 2004இல் காட்டியது இதைத்தான். 'கார்னர்' என்றால் மூலை. 'கார்ன்' என்ற சோளத்துக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இருந்தும் 'கார்னர்' மின்னினால் 'கார்ன்' வேகமாக அடையாளம் காணப்படுகிறது, கடைசியில் '-அர்' என்ற விகுதி இருப்பது போலத் தெரிவதால். வால் விகுதி போல இல்லாவிட்டால் அந்தப் பலன் இல்லை. இந்தக் குருட்டுக் கத்தி இரண்டாம் மொழிக்காரரிடம் இல்லை என்கிறேன்.

மறுவாசிப்பு:
நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். உங்கள் ஆராய்ச்சிப் பொருளே நான்தான். தாய்மொழி கன்னடம், தமிழ் எழுத்தைக் கற்றது 24 வயதில்.

உருபைப் பிரிப்பது எனக்குச் சிரமமாகவே இருந்ததில்லை. கன்னடத்திலும் உருபு சொல்லோடு ஒட்டித்தான் வரும். என்னைத் தடுக்கி விழவைத்தது வேறு. ஒரு கதையில் 'வாய்க்கால்' வந்தது. அழகாகப் பிரித்தேன்: வாய், கால். இரண்டும் எனக்கு நன்றாகத் தெரிந்த சொற்கள், கன்னடத்திலும் அதே பொருள்தான். அடுத்த வரியில் ஒருவன் அதைத் தாண்டிக் குதிக்கிறான். யாருடைய வாயை, யாருடைய காலை என்று குழம்பியது எனக்கு மட்டும்தான் தெரியும். இங்கே 'கால்' என்பது நீர் ஓடும் வழி என்ற பழைய பொருளில் இருக்கிறது என்பது பிற்பாடுதான் தெரிந்தது. 'கைமாற்று' வந்தபோதும் இதே கதை. பொருளை வலக்கையிலிருந்து இடக்கைக்கு மாற்றிக்கொண்டான் என்று நினைத்தேன்.

ஆகவே பிரிக்கிறோமா இல்லையா என்று மட்டும் கேட்காதீர்கள். பிரித்த துண்டுகளை நம்பலாமா என்றும் கேளுங்கள்.

சந்திப்பிழை:
நன்னூல் சொல்லும் ஆறு உறுப்பையும் எழுதி மதிப்பெண் வாங்கியவன் நான். வந்தனன் = வா + த் + த் + அன் + அன், 'வா' குறுகி 'வ' ஆனது விகாரம், சந்தி 'த்' 'ந்' ஆனதும் விகாரம். இதெல்லாம் தெரியாத வயதிலேயே 'வந்தான்' என்றால் கதவைத் திறக்கத் தெரியும். பகுபத இலக்கணம் யாருக்கும் வாசிக்கக் கற்றுத்தரவில்லை என்பதில் ஒற்றெழுத்து பக்கம்தான் நான்.

விகுதிப்பித்தன்:
தாய்மொழிக்காரருக்கு அட்டவணை தேவையில்லை என்றால் மற்றவருக்கும் தேவையில்லை என்று ஆகாது, சந்திப்பிழை. நீங்கள் பள்ளிக்குப் போகுமுன்பே ஆயிரக்கணக்கான 'வந்தான்'களைக் கேட்டுவிட்டீர்கள்.

ஒற்றெழுத்து, ஒரே ஆய்வைப் பிடித்துத் தொங்க வேண்டாம். 2011இல் டீபெண்டேலும் குழுவினரும் ஸ்பானிய, டச்சுத் தாய்மொழிக்காரர்களை ஆங்கிலத்தில் சோதித்தார்கள். 'வியூவர்–வியூ' போலப் பொருள் தெளிவான ஜோடிக்கு அதிகப் பலன், 'கார்னர்–கார்ன்' போன்றதற்குக் குறைவு, 'ஃப்ரீஸ்–ஃப்ரீ' போல வெறும் எழுத்து ஒற்றுமைக்கு அதைவிடக் குறைவு. ஆங்கிலேயரிடமும் இதே படிக்கட்டுதான். உங்கள் குருட்டுக் கத்தி இவர்களிடமும் இருக்கிறது.

மறுவாசிப்பு சொன்னதற்கும் ஆதாரம் உண்டு. போர்ட்டினும் சகாக்களும் 2008இல் ஸ்வீடிஷ் கற்ற ஹங்கேரியரையும் சீனரையும் ஒப்பிட்டார்கள். அதிகம் புழங்காத சொற்களில் உருபேற்ற வடிவத்துக்கு ஹங்கேரியர் கூடுதல் நேரம் எடுத்தார்கள், அதாவது பிரிக்கிறார்கள். சீனரிடம் அந்த வித்தியாசம் இல்லை. ஹங்கேரியன் போல உருபைச் சொல்லோடு ஒட்டிப் பேசும் மொழியில் வளர்ந்தவருக்குப் பிரிக்கும் பழக்கம் கூடவே வருகிறது.

ஒற்றெழுத்து:
நல்ல அடி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஜெர்மானியர்களை என்ன செய்வீர்கள்? தாய்மொழிப் பழக்கம் கூட வருமென்றால் சில்வா–கிளாசன் சோதனையில் அவர்களுக்கு அது வந்திருக்க வேண்டுமே.

இன்னொன்று. ஹேயரும் கிளாசனும் 2015இல் ஜெர்மன் தாய்மொழிக்காரர்களிடம் ஆங்கிலச் சொற்களைக் கொடுத்துப் பார்த்தார்கள். 'ஸ்கேனர்' மின்னினாலும் 'ஸ்கேன்' வேகமாகிறது, 'ஸ்கேண்டல்' மின்னினாலும் வேகமாகிறது. ஆங்கிலேயருக்கு 'ஸ்கேனர்' மட்டும்தான் உதவியது. 'ஸ்கேண்டல்' வாலில் விகுதி எங்கே இருக்கிறது? இரண்டாம் மொழிக்காரர் பிரிப்பதாக நாம் நினைக்கும் பல இடங்களில் எழுத்துகள் ஒன்றுபோல இருப்பதுதான் வேலை செய்கிறது.

விகுதிப்பித்தன்:
அதற்கு நேரடிப் பதில் என்னிடம் இல்லை, நல்ல கேள்வி. ஆனால் 'ஆங்கிலேயர்' என்று ஒரே ஆளாகப் பேசுகிறீர்களே, அங்கே எனக்கு உடன்பாடில்லை. ஆண்ட்ரூஸ், லோ இருவரும் 2013இல் தாய்மொழிக்காரர்களையே இரண்டாகப் பிரித்துக் காட்டினார்கள். எழுத்துக்கூட்டலில் கெட்டிக்காரர்களுக்கு 'கார்னர்–கார்ன்' நன்றாக உதவுகிறது. சொல்வளம் மிஞ்சியவர்களுக்குப் பொருள் பொருந்தும் ஜோடிதான் உதவுகிறது. எந்தத் தாய்மொழிக்காரரை அளவுகோலாக வைப்பது?

அப்புறம், அட்டவணையின் உபயோகம் 60 மில்லிவினாடியில் இல்லை, அகராதியில் இருக்கிறது. 'ஆற்றில் இறங்கினான்' என்று படித்த மாணவி அகராதியில் 'ஆற்' என்று தொடங்கித் தேடினார். ஆற்றல் கிடைத்தது, ஆற்றுதல் கிடைத்தது, ஆறு கிடைக்கவில்லை. உருபு ஏறும்போது 'ஆறு' 'ஆற்று' ஆகும், 'வீடு' 'வீட்டு' ஆகும், 'மரம்' 'மரத்து' ஆகும் என்று தெரியாதவருக்குப் பாதித் தமிழ் அகராதி பூட்டிக் கிடக்கிறது. முழுசாக விழுங்கட்டும் என்றால் மரத்தில், மரத்தை, மரத்துக்கு, மரத்திலிருந்து, மரங்களை என்று எத்தனை கவளம் ஊட்டுவீர்கள்?

ஒற்றெழுத்து:
'வீண்' என்ற சொல்லை வாபஸ் வாங்குகிறேன். தேடுவதற்கு அட்டவணை உதவும், சரி. வாசிப்பின் வேகத்துக்கு அது உதவும் என்பதை இன்னும் நம்பவில்லை. என் கையில் விட்டால் அட்டவணையை மூடிவிட்டு 'ஆறு–ஆற்றில்', 'வீடு–வீட்டில்' என்று ஜோடி ஜோடியாக வரும் கதைகளை வாசிக்கக் கொடுப்பேன்.

மறுவாசிப்பு:
அட்டவணை, கதை எதையும் விட எனக்கு உதவியது ஒன்று இருக்கிறது. நடுவில் வரும் ஒற்று. 'வேலை பார்த்தான்' என்றால் உழைத்தான். 'வேலைப் பார்த்தான்' என்றால் கையில் இருக்கும் வேலை, அந்த ஆயுதத்தை, பார்த்தான். அந்த ஒரு 'ப்' இருந்தால் ஐ உருபு என்று தெரிந்துகொள்வேன். எல்லா இடத்திலும் வராது, 'காலை நீட்டி'யில் வராது, ஆனால் வரும் இடத்தில் பெரிய உதவி. தாய்மொழிக்காரர்கள் இணையத்தில் முதலில் தொலைப்பது அதைத்தான். உங்களுக்கு இல்லாமலே புரியும், எனக்குப் புரியாது.

ஒற்றெழுத்து, இரண்டாவது பதிவில் 'பாலை குடிக்கும்போது' என்று எழுதியிருக்கிறீர்கள். பாலைவனத்தை எப்படிக் குடிப்பது என்று அரை நிமிடம் யோசித்தேன்.

சந்திப்பிழை:
பெயர் மட்டும் ஒற்றெழுத்தாம்! நானாவது பெயரிலேயே சொல்லிவிட்டேன்.

ஒற்றெழுத்து:
பார்த்தேன். 'க்' விட்டுப்போயிருக்கிறது. திருத்தப் போவதில்லை, விகுதிப்பித்தன் வகுப்பில் காட்டுவதற்கு அப்படியே இருக்கட்டும்.