எம்ஜிஏ 1500: தேஞ்ச இன்ஜினுக்கு பதில் அம்பாசடர் இன்ஜின் ஏத்தலாமா, ரீபில்ட் பண்ணலாமா?

மாம்பலம்_எம்ஜி:

வணக்கம். வண்டி 1957 எம்ஜிஏ (பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்), 1489 சிசி, ட்வின் எஸ்யு கார்புரேட்டர். சூடான பிறகு ஐடிலில் ஆயில் பிரஷர் 8 பிஎஸ்ஐ, 3000 ஆர்பிஎம்மில் 30. ஆக்சிலரேட்டரை விட்டு மறுபடி மிதிச்சா நீலப்புகை, மேம்பாலம் ஏறும்போது லோடிலும் புகை. கம்ப்ரஷன் டெஸ்ட் (சிலிண்டருக்குள்ள வர்ற அழுத்தம்): முதல் சிலிண்டர் 120, ரெண்டாவது 115, மூணாவது 85, நாலாவது 80 பிஎஸ்ஐ.

ஒரு பட்டறையில, "அம்பாசடர் பெட்ரோல் இன்ஜின் ஒண்ணு கிடக்கு, அதுவும் இதே பிஎம்சி (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) பி-சீரிஸ் வகைதான், தூக்கி வெச்சுடலாம், ரீபில்டுல பாதி செலவுகூட ஆகாது"ங்கறாங்க. இன்னொரு இடத்துல போரிங் (சிலிண்டரைக் குடையறது), கிராங்க் கிரைண்டிங் (கிராங்க்ஷாஃப்டைத் தேய்ச்சு சரி பண்றது), முழு இன்ஜின் வேலைன்னு சொல்றாங்க. பிளாக்கில் இருக்கற நம்பரும் ஆர்.சி. நம்பரும் ஒண்ணா இருக்கு. வின்டேஜ் ரிஜிஸ்ட்ரேஷன் வாங்கற யோசனையும் உண்டு. எந்தப் பக்கம் போகலாம்?

போர்கேஜ்:

இன்ஜினை இறக்கறதுக்கு முன்னாடி ரெண்டு மூணு விஷயம் பாருங்க சார். பக்கத்து பக்கத்து சிலிண்டர் ரெண்டும் (3, 4) சேர்ந்து கம்மியா இருந்தா முதல்ல ஹெட் கேஸ்கெட் மேலதான் சந்தேகம் வரணும். ஒவ்வொரு பிளக் ஓட்டையிலும் ஒரு டீஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி கம்ப்ரஷன் எடுங்க. ரீடிங் நல்லா ஏறினா ரிங், போர் தேய்மானம். அப்படியே நின்னா வால்வு, இல்லேன்னா கேஸ்கெட். டெஸ்ட் பண்ணும்போது த்ராட்டில் முழுசா திறந்திருக்கணும், நாலு பிளக்கும் வெளிய இருக்கணும். இல்லேன்னா அந்த நம்பருக்கு அர்த்தமே இல்லை.

புகையும் ரெண்டு வகை. விட்டு மிதிக்கும்போது வர்றது பெரும்பாலும் வால்வு கைடு வழியா இறங்கற ஆயில். லோடில் தொடர்ந்து வர்றது ரிங். உங்களுக்கு ரெண்டும் இருக்கற மாதிரி தெரியுது.

ஆயில் பிரஷருக்கு: உள்ள என்ன ஆயில் இருக்கு? 10டபிள்யு-30 மாதிரி மெல்லிசா இருந்தா இந்த இன்ஜின் சென்னை வெயிலில் இப்படித்தான் காட்டும். 20டபிள்யு-50 மினரல் போட்டு, வேற ஒரு மெக்கானிக்கல் கேஜ் மாட்டிப் பாருங்க. ஆயில் பிரஷரை அளவுக்கு மேல ஏறவிடாத ரிலீஃப் வால்வைக் கழட்டி ஸ்பிரிங்கையும், சீட்டில் குப்பை மாட்டியிருக்கான்னும் பாருங்க. அரை மணி நேர வேலை. அதுக்கப்புறமும் சூட்டில் 10-க்குக் கீழேயே இருந்தா பேரிங் அல்லது பம்ப், சந்தேகமே வேண்டாம்.

புதுப்பேட்டை_லேத்:

அம்பாசடர் இன்ஜினும் 1489 சிசி, அதே 73.025 மி.மீ. போர், 88.9 மி.மீ. ஸ்ட்ரோக், மூணு மெயின் பேரிங். அது வரைக்கும் பட்டறைக்காரர் சொன்னது சரி. "தூக்கி வெச்சுடலாம்"ங்கறதுதான் பொய்க்கணக்கு.

முதல்ல டேக்கோமீட்டர். எம்ஜிஏவில் அது கேபிள் டிரைவ், பிளாக்கின் இடது பின்பக்கம் கேம்ஷாஃப்ட்லேர்ந்து எடுக்கறாங்க. சலூன் கார் பிளாக்கில் அந்த இடத்துல மெஷினிங் இருக்காது. நேர்மாறா, அம்பாசடர் பிளாக்கில் மெக்கானிக்கல் பெட்ரோல் பம்புக்கு ஓட்டை இருக்கும். உங்க வண்டிக்கு எலெக்ட்ரிக் எஸ்யு பம்ப் என்பதால அதை பிளேட் போட்டு அடைக்கணும். ஃப்ரன்ட் பிளேட், பேக் பிளேட், ஃப்ளைவீல், சம்ப், மேனிஃபோல்டு எல்லாம் உங்க பழைய இன்ஜின்லேர்ந்தே மாத்தணும். ஃப்ளைவீல் போல்ட் பிட்ச், கியர்பாக்ஸ் ஷாஃப்ட் உட்கார்ற ஸ்பிகாட் புஷ் அளவு, ஸ்டார்ட்டர் இருக்கற உயரம், இந்த மூணையும் அளந்து பார்க்காம காசு கொடுக்காதீங்க. எம்ஜிஏ 1500-லயே 15ஜிபி, 15ஜிடி இன்ஜினுக்கு ஸ்டார்ட்டர் இடம் வேற வேற.

அடுத்தது கம்ப்ரஷன் ரேஷியோ. எம்ஜிஏ 8.3:1. அம்பாசடர் லோ-கம்ப்ரஷன் பிஸ்டன் தலையில் குழி இருக்கும், 7.2:1 வாக்கில் வரும். கணக்குப் போட்டுப் பாருங்க: ஒரு சிலிண்டர் 372 சிசி. பிஸ்டன் உச்சிக்கு வந்ததும் அதுக்கு மேல மிஞ்சற இடம் 8.3-க்கு 51 சிசி, 7.2-க்கு 60 சிசி. அந்த 9 சிசியை ஹெட்டை சீவி எடுத்துடலாம்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. சேம்பர் பரப்புக்கு மூணு மில்லி வரை சீவணும், ஹெட் தாங்காது, புஷ்ராடு நீளமும் தப்பாப் போயிடும்.

அதனால அந்த இன்ஜினை வாங்கலாம், உதிரிபாகத்துக்காக. கிராங்க் ஸ்டாண்டர்டு சைஸில் இருந்தா அது ஒண்ணுக்கே காசு தேறிடும். மாடலுக்கு மாடல் அளவு மாறும், அளந்துட்டு வாங்குங்க. உதிரிபாகக் கடைகள் இருக்கற ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் ரிங், கேஸ்கெட்னு தேடறப்போ அம்பாசடர் பேரைச் சொன்னா சட்டுனு எடுத்துத் தருவாங்க, எம்ஜிஏன்னா முழிப்பாங்க.

ஆர்டிஓ_வரிசை:

சட்டப் பக்கம் மட்டும் சொல்றேன். 2021-ல வந்த மத்திய மோட்டார் வாகன விதித் திருத்தப்படி வின்டேஜ் பதிவுக்கு வண்டிக்கு 50 வயசு தாண்டியிருக்கணும், ஒரிஜினல் நிலையில் இருக்கணும், சேசிஸ், பாடி ஷெல், இன்ஜினில் பெரிய மாற்றம் செஞ்சிருக்கக் கூடாது. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 வருஷம் செல்லும், அப்புறம் புதுப்பிக்க 5,000. நம்பரில் "விஏ"ன்னு வரும். வேற கார் இன்ஜினைப் போட்டுட்டு அங்க போய் நிக்கறது வீண் வேலை.

இன்னொண்ணு, விஏ பதிவு வாங்கினா தினசரி ஓட்ட முடியாது. கண்காட்சி, ரேலி, பெட்ரோல், சர்வீஸ் இதுக்குத்தான் ரோட்டுக்கு வரலாம். ஞாயித்துக்கிழமை தவறாம மகாபலிபுரம் போறவங்க அதை யோசிச்சுக்கணும். சாதாரணப் பதிவிலேயே இருந்தாலும் இன்ஜின் மாத்தினா ஆர்டிஓ அனுமதி வாங்கி ஆர்.சி.யில் புது நம்பர் ஏத்தணும். பழைய இரும்புக் கடையிலேர்ந்து வர்ற இன்ஜினுக்கு பில், அது எந்த வண்டியோடதுங்கற கணக்கு, ரெண்டும் இல்லேன்னா வாங்காதீங்க.

மாம்பலம்_எம்ஜி:

நன்றி சார். ஆயில் விட்டு எடுத்தேன்: 145, 140, 125, 120. 20டபிள்யு-50 மாத்தி, வேற கேஜ் போட்டும் ஐடிலில் 9-தான். ரிலீஃப் வால்வு சுத்தமா இருக்கு. அப்போ ரீபில்ட்தான். மெஷின் ஷாப்புல என்னென்ன சொல்லி விடணும்?

போர்கேஜ்:

நாலும் ஏறியிருக்கு, ரிங்கும் போரும் போயிடுச்சு. பிரிக்கறப்போ ஒரு எச்சரிக்கை: ராக்கர் ஷாஃப்ட் நட்டைத் தொடறதுக்கு முன்னாடி கூலன்ட்டை வடிச்சுடுங்க. அந்த ஸ்டடுகள்ல சிலது ஹெட்டையும் சேர்த்துப் பிடிக்குது, லூஸ் பண்ணா தண்ணி சிலிண்டருக்குள்ள போகும்.

போர்: மேல ரிங் வரம்புக்குக் கொஞ்சம் கீழே, நடுவில், அடியில், ஒவ்வொரு இடத்துலயும் நீளவாட்டிலும் குறுக்கிலும் அளவு எடுங்க. மேலுக்கும் அடிக்கும் 0.15 மி.மீ.க்கு மேல வித்தியாசம் இருந்தா வெறும் ரிங் மாத்தறது காசுக்குக் கேடு. ஓவர்சைஸ் பிஸ்டன் 0.010-லேர்ந்து 0.040 அங்குலம் வரை. பிஸ்டன் கையில வந்த பிறகுதான் போரிங். நாலு பிஸ்டனையும் அளந்து, அந்தந்த சிலிண்டருக்கு அந்தந்த பிஸ்டனுக்கு ஏத்த மாதிரி ஹோனிங் (கடைசி நுண் தேய்ப்பு) பண்ணச் சொல்லணும். முதல்ல போர் பண்ணிட்டு அப்புறம் பிஸ்டன் தேடினா மாட்டிப்பீங்க. ஏற்கனவே 0.040 ஆகியிருந்தா நாலுக்கும் ஸ்லீவ் போட்டு ஸ்டாண்டர்டுக்குக் கொண்டுவரலாம், பிளாக் நம்பர் அப்படியே இருக்கும்.

கிராங்க்: மெயின் ஜர்னல் (மெயின் பேரிங்குக்குள்ள சுத்தற பாகம்) ஸ்டாண்டர்டு 2 அங்குலம். கிரைண்டிங் பண்ணும்போது ஓரத்துல இருக்கற வளைவை அப்படியே விடச் சொல்லுங்க. கூரா வெட்டிட்டா அங்கேதான் விரிசல் ஆரம்பிக்கும். அதுக்கு முன்னாடி கிராக் டெஸ்ட் கட்டாயம், மூணு பேரிங் கிராங்க் வளையற கிராங்க். எண்ட் ஃப்ளோட் (கிராங்க்கின் முன்பின் ஆட்டம்) 0.002–0.003 அங்குலம், நடு மெயினில் த்ரஸ்ட் வாஷரால சரி பண்ணணும்.

எல்லாரும் கோட்டை விடற இடம் ஆயில் கேலரி (பிளாக்குக்குள்ள ஆயில் போற வழி). பிளக்கைக் கழட்டாம வெறும் கெமிக்கல் தொட்டியில முக்கி எடுத்தா, போரிங் தூளும் பழைய சகதியும் மூலையில தங்கி, புது பேரிங்கை முதல் நூறு கிலோமீட்டரிலேயே அரிச்சுடும். கம்பி பிரஷ் விட்டுத் தேய்ச்சு, காத்தடிச்சு, புது பிளக் போடுங்க. அந்தத் தொட்டியில கேம் பேரிங்கும் கெட்டுப்போகலாம். மாத்தினா லைன் ரீமிங் (எல்லா பேரிங்கையும் ஒரே நேர்கோட்டில் குடையறது) தேவை. வாட்டர் ஜாக்கெட்டுல, முக்கியமா நாலாவது சிலிண்டர் பக்கம், போர்வெல் தண்ணி ஊத்தின வண்டியா இருந்தா உப்பும் துருவும் கெட்டியா அடைஞ்சிருக்கும். ஜாக்கெட் ஓட்டையை அடைக்கற தகட்டு மூடியான வெல்ஷ் பிளக்கைத் தட்டி எடுத்து ஸ்க்ரூடிரைவரால நோண்டி எடுங்க.

ஆயில் பம்ப் ரோட்டர் இடைவெளி 0.006 அங்குலம் தாண்டினா மாத்துங்க. ஹெட்டுக்கு ஹார்டன் பண்ண எக்ஸாஸ்ட் சீட், புது வால்வு கைடு. டேப்பட் (கேம்ஷாஃப்ட் தள்ளற பாகம்) புதுசு போடாம புது கேம் போடாதீங்க.

டார்க் (போல்ட்டை இறுக்கற அளவு): மெயின் 70, பிக் எண்ட் 35, ஹெட் 50, கட்ஜன் பின் (பிஸ்டனைக் கனெக்டிங் ராடோட சேர்க்கற பின்) கிளாம்ப் போல்ட் 25 பவுண்ட்-அடி. அந்தக் கிளாம்ப் போல்ட்டை இறுக்கும்போது பின்னின் பள்ளம் நேரா உட்கார்ந்திருக்கணும். இல்லேன்னா பின் நகர்ந்து சிலிண்டர் சுவத்தைக் கீறிடும், போரிங் காசு போச்சு. பின்பக்க மெயினில் ரப்பர் சீல் கிடையாது, ஆயிலைத் திருப்பிவிடற திருகுப் பள்ளம்தான். ரெண்டு சொட்டு ஒழுகினா பட்டறையோட சண்டைக்குப் போகாதீங்க.

பெசன்ட்நகர்_ரோட்ஸ்டர்:

எல்லாம் சரி, ஆனா பிஸ்டன், பேரிங் வெளிநாட்டுலேர்ந்து கஸ்டம்ஸ் தாண்டி வர்ற வரைக்கும் வண்டி ஷெட்டுலதான். அதுவரை நம்பர் பிளாக்கை ஸ்டாண்டில் வெச்சுட்டு அம்பாசடர் இன்ஜினில் ஓட்டினா என்ன தப்பு?

புதுப்பேட்டை_லேத்:

இன்ஜின் மாத்தற அதே ஆர்டிஓ வேலையை ரெண்டு தடவை செய்யணும், பேக் பிளேட்டையும் ஃப்ளைவீலையும் ரெண்டு தடவை கழட்டி மாட்டணும். சும்மா நிக்கற நேரத்துல கிளட்ச், ரேடியேட்டர் ரீகோர் (உள்பாகம் மாத்தறது), எத்தனால் தாங்கற பெட்ரோல் ஹோஸ் இதையெல்லாம் முடிச்சு வெச்சுக்கலாம்.

முதல் ஸ்டார்ட்டுக்கு ஒண்ணு சொல்லிடறேன். பிளக் நாலையும் எடுத்துட்டு, கேஜ்ல பிரஷர் காட்டற வரை கிராங்க் பண்ணிட்டு அப்புறம் ஸ்டார்ட் பண்ணுங்க. புது கேம்னா உடனே 2000 ஆர்பிஎம்முக்கு ஏத்தி இருபது நிமிஷம் அதே அளவுல வெச்சிருங்க. நின்ன இடத்துல இந்த ஊர் வெயிலில் தண்ணி கொதிச்சுடும், ரேடியேட்டருக்கு நேரா பெரிய பெடஸ்டல் ஃபேன் ஒண்ணை முன்கூட்டியே வெச்சுக்குங்க.