மறு: ‘எத்னிக் ரைனோபிளாஸ்டி’க்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

மொழிபெயர்ப்பாளர், சென்னை:

அனைவருக்கும் வணக்கம். ஒரு மருத்துவ இதழின் தமிழ்ப் பதிப்புக்குக் கட்டுரை ஒன்று செய்துகொண்டிருக்கிறேன், வியாழக்கிழமைக்குள் கொடுத்தாக வேண்டும். லண்டனில் வாழும் ஆப்பிரிக்க வழிக் கரிபிய மக்கள் மூக்கைத் திருத்திக்கொள்ள வரும்போது, அதை ஐரோப்பிய மூக்காக ஆக்கிவிடாமல், அவர்கள் முகம் அவர்கள் முகமாகவே இருக்கும்படி எப்படிச் செய்வது என்பதுதான் கட்டுரை. (வெறும் ‘கரிபியர்’ என்று எழுத முடியாது. புதுச்சேரி, காரைக்காலிலிருந்து கரும்புத் தோட்டங்களுக்குப் போன நம்மவர்களின் வழியினரும் குவாதலூப்பிலும் மார்த்தினிக்கிலும் கரிபியர்தான்.) ரைனோபிளாஸ்டிக்கு ‘மூக்குச் சீரமைப்பு’ என்று வைத்துவிட்டேன். முன்னால் நிற்கும் ‘எத்னிக்’கில் மாட்டிக்கொண்டேன். ‘இன மூக்குச் சீரமைப்பு’ என்றால் படிக்கவே ஒரு மாதிரி இருக்கிறது. உதவுங்கள்.

தமிழாசிரியர், திருச்சி:

ஒரு மாதிரி இருப்பதற்குக் காரணம் இலக்கணத்திலேயே இருக்கிறது. செந்தாமரை என்பதில் ‘செம்மை’ இனமுள்ள அடை, அதாவது வேறு வகையிலிருந்து பிரித்துக் காட்டும் அடைமொழி, ஏனென்றால் வெண்டாமரையும் உண்டு. செஞ்ஞாயிறு இனமில்லா அடை, பிரித்துக் காட்ட வேறு ஞாயிறு இல்லை. ‘இன மூக்கு’ என்று அடை கொடுத்தால் இனமில்லாத மூக்கு ஒன்று எங்கோ இருப்பதாக ஆகிவிடும். அது யாருடையது? ஐரோப்பியருடையதுதானே. அவர்களுடையது வெறும் மூக்கு, மற்றவர்களுடையதற்கு மட்டும் அடைமொழியா? ஆங்கிலத்தில் இருக்கும் இந்தக் கோணலைத் தமிழில் ஏற்றக் கூடாது.

‘சீரமைப்பு’ம் எனக்கு உடன்பாடில்லை. சீர்கெட்டதைத்தான் சீரமைப்போம், அந்த மூக்கில் என்ன கெட்டுப்போயிற்று? பிளாஸ்டிக் என்பதன் கிரேக்க வேருக்குப் பிசைந்து உருக்கொடுப்பது என்று பொருள். நம்மிடம் ‘வனைதல்’ இருக்கிறது. ‘மூக்கு வனைவு’ என்று சொல்லுங்கள். மூக்கு, முகம், முகடு, முகப்பு, முனை எல்லாமே முன் நிற்பதைக் குறிக்கும் ஒரே வேரில் கிளைத்தவை என்பது என் கருத்து. தெருமுக்கு என்கிறோமே, அதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். இதைப் பற்றித் தனி இழையில் விரிவாக எழுதுகிறேன்.

மென்பொருள் தமிழாக்கம் செய்பவர், சிங்கப்பூர்:

ஐயா, ‘வனைவு’ என்று போட்டால் நூறு பேரில் எத்தனை பேருக்குப் புரியும்? ‘மூக்கு அறுவை’ என்று நேராகச் சொல்லிவிட்டால் என்ன?

தமிழாசிரியர், திருச்சி:

சேர்த்து எழுதினால் மூக்கறுவை. மூக்கறுபட்டான் என்றால் அவமானப்பட்டான் என்றுதான் நம் ஊரில் பொருள். நோயாளி கையெழுத்துப் போடும் தாளில் அந்தச் சொல் வேண்டாம். புரியவில்லை என்பதைக் காரணமாகச் சொன்னால், ‘பேருந்து’ம் முதல் நாளில் யாருக்கும் புரிந்திருக்காது.

வரலாற்று ஆய்வு மாணவர், புதுச்சேரி:

மூக்கறுப்பிலிருந்துதானே இந்தச் சிகிச்சையே வந்தது. மைசூர்ப் போரில் ஆங்கிலேயப் படைக்கு மாட்டுவண்டி ஓட்டிய கோவாஸ்ஜியின் மூக்கைத் திப்புவின் ஆட்கள் அறுத்தார்கள். பிறகு நெற்றித் தோலை இறக்கி அவருக்குப் புது மூக்கு வைத்த செய்தி 1794-இல் லண்டன் இதழில் படத்தோடு வந்தது. அதைப் படித்த ஆங்கிலேய மருத்துவர் கார்ப்யூ 1814-இல் அங்கே செய்து பார்த்தார். ஜெர்மானிய மருத்துவர் கிரேஃப் 1818-இல் தன் நூலுக்கு ‘ரைனோபிளாஸ்டிக்’ என்று பெயர் வைத்தார். அதுவரை இழந்த மூக்கைத் திரும்பத் தருவதுதான் வேலை. இருக்கிற மூக்கை அழகுக்காக மாற்றுவது 1887-இல் அமெரிக்காவில் ரோ, 1898-இல் பெர்லினில் ஜாக் ஜோசப் என்ற மருத்துவர்களால் பிறகு வந்தது. ஜோசப்பிடம் போன யூதர்கள் பலர் யூதர் என்று முகத்தில் தெரியக் கூடாது என்பதற்காகவே போனார்கள். அடையாளத்தை மறைப்பதற்கு வளர்ந்த ஒரு கலையை அடையாளம் போகாமல் செய்யுங்கள் என்று இப்போது கேட்கிறார்கள். அந்தத் திருப்பம் நம் சொல்லில் தெரிய வேண்டும்.

இன்னொன்று, கட்டுரையில் ‘பிளாட்டிரைன்’ (அகன்ற மூக்கு வகை) கட்டாயம் வரும். மூக்கின் அகலத்தை நீளத்தால் வகுத்து நூறால் பெருக்கினால் 70-க்குக் கீழே ஒரு வகை, 85-க்கு மேலே இந்த வகை. இந்தக் கணக்கை வைத்துத்தான் ஆங்கிலேய அதிகாரி ரிஸ்லி சாதிகளுக்கு ஏணி கட்டினார், எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருந்த தர்ஸ்டன் நம் மக்களின் மூக்கில் அளவுகோலை வைத்தார். தயவுசெய்து ‘சப்பை மூக்கு’ என்று எழுதிவிடாதீர்கள். நம் புலவர்களும் குமிழம்பூ, எள்ளுப்பூ என்று ஒரே வகை மூக்கைத்தான் பாடிவைத்திருக்கிறார்கள். ‘அகல் மூக்கு’ போதும்.

மருத்துவர், லண்டன்:

நான் யாழ்ப்பாணம், அறுவை சிகிச்சை எங்களுக்குச் சத்திரசிகிச்சை, குருத்தெலும்பு எங்களுக்குக் கசியிழையம். அந்தச் சண்டையை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம். வேலை என்ன என்று சொல்கிறேன், பிறகு சொல்லைத் தேடுங்கள்.

ஐரோப்பிய மூக்கில் பெரும்பாலும் தண்டில் இருக்கும் மேட்டைச் சீவிக் குறைப்பார்கள். கரிபியப் பின்னணியில் பலருக்குத் தோல் தடிப்பு, அதன் கீழ் கொழுப்பும் நாரும் கூட, நுனியைத் தாங்கும் கசியிழையம் பலமில்லை, தண்டு தாழ்வு. அங்கே குறைத்துக்கொண்டே போனால் நுனி சரிந்துவிடும். எனவே கூட்ட வேண்டும். நடுச்சுவரில் போதாவிட்டால் காதிலிருந்தோ விலாவிலிருந்தோ கசியிழையம் எடுத்து, இரண்டு துளைகளுக்கும் நடுவில் முண்டு கொடுத்து நுனியை நிமிர்த்துவோம். மூக்கு மடலின் அடியைக் குறைக்கும்போதுதான் அதிகக் கவனம் வேண்டும். கூட வெட்டிவிட்டால் கிள்ளி வைத்தது போல் ஆகிவிடும், திரும்பச் சரிசெய்வது மிகக் கடினம், தழும்பு தடித்து எழும் ஆபத்தும் உண்டு. தடித்த தோலில் வீக்கம் வடிய ஒரு வருடத்துக்கு மேலேயும் எடுக்கும்.

வருகிறவர்கள் ‘நுனி மட்டும் கொஞ்சம் எடுப்பாக வேண்டும், அம்மாவின் சாயல் போகக் கூடாது’ என்றுதான் கேட்கிறார்கள். உங்களுக்கான சொல் அதிலேயே இருக்கிறது. ஆனால் ‘காப்பு’ என்று சேர்க்காதீர்கள். ‘பிரிசர்வேஷன் ரைனோபிளாஸ்டி’ என்று வேறொரு முறை உண்டு, தண்டின் மேல்வளைவை உடைக்காமல் அடியில் எடுத்து அப்படியே இறக்குவது. இரண்டும் குழம்பும். ஒஃபோடிலே என்ற மருத்துவர் 1993-இல் அமெரிக்கக் கறுப்பினத்தவரின் மூக்கைப் பிரித்த வகைகளில் ‘ஆஃப்ரோ இந்தியன்’ என்று வந்தாலும் கவனம், அது அமெரிக்கத் தொல்குடிகளைச் சொல்வது, நம்மை அல்ல.

மொழிபெயர்ப்பாளர், சென்னை:

‘சாயல் பேணும் மூக்குச் சீரமைப்பு’. எனக்குப் பிடித்திருக்கிறது.

தமிழாசிரியர், திருச்சி:

தொல்காப்பியம் ‘சாயல் மென்மை’ என்கிறது. ஒப்புமை என்ற பொருள் பிற்காலத்தது.

மென்பொருள் தமிழாக்கம் செய்பவர், சிங்கப்பூர்:

பிற்காலத்தில்தானே ஐயா நாம் இருக்கிறோம். தாத்தா சாயல் என்றால் குழந்தைக்குக்கூடப் புரியும். என் வாக்கு இதற்கே.

வரலாற்று ஆய்வு மாணவர், புதுச்சேரி:

எனக்கு ஒரு தயக்கம் இருக்கிறது. சாயல் குடும்பத்தோடு நின்றுவிடுகிறது. இந்த மக்கள் தங்கள் மூக்குக்காகக் கேலி பட்டது ஒரு குடும்பமாக அல்ல, கறுப்பினத்தவராகத்தான். ‘இனம்’ என்ற சொல்லையே எடுத்துவிட்டால் அந்தக் கதையும் காணாமல் போகும். ‘இனச்சாயல் பேணும்’ என்றாவது இருக்கட்டும்.

மருத்துவர், லண்டன்:

ஆளைப் பார்த்து ‘உங்கள் இனச்சாயல்’ என்று என்னால் சொல்ல முடியாது தம்பி. ஒரே வீட்டில் அக்காவுக்கு ஒரு மூக்கு, தங்கைக்கு இன்னொரு மூக்கு.

மொழிபெயர்ப்பாளர், சென்னை:

எல்லோருக்கும் நன்றி. தலைப்பில் ‘சாயல் பேணும் மூக்குச் சீரமைப்பு’, உள்ளே முதல் இடத்தில் மட்டும் ‘ஆப்பிரிக்க வழிக் கரிபியரின் இனச்சாயல்’ என்று விளக்கிவிட்டு அனுப்புகிறேன். அகல் மூக்கும் போகிறது. சத்திரசிகிச்சையைச் சேர்க்க இதழின் சொற்பட்டியல் விடாது, மருத்துவர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

தமிழாசிரியர், திருச்சி:

அனுப்புங்கள். ‘சீரமைப்பு’க்கு என் மறுப்பு அப்படியே இருக்கிறது, ‘வனைவு’ பற்றிய இழையை நாளை தொடங்குகிறேன்.