குழுவாக வடிவமைக்கும் வரைபடக் கால்குலேட்டர்: எந்தச் சிப், எந்தத் திரை, எந்தச் செல்?

கேள்வி: அஸ்தம்பட்டி, கணித ஆசிரியர்

அனைவருக்கும் வணக்கம். சேலத்தில் ஆசிரியர்கள் சிலரும் பொறியியல் மாணவர்கள் சிலரும் சேர்ந்து ஒரு வரைபடக் கால்குலேட்டரை வடிவமைத்து வருகிறோம். சுற்றுப்படமும் நிரலும் எவரும் எடுத்துத் திருத்திப் பயன்படுத்தும்படி திறந்தே இருக்கும். மேல்நிலை வகுப்பு மாணவர் ஒருவர் சமன்பாட்டைத் தட்டியதும் வளைவரை திரையில் வர வேண்டும். கெழுவை மாற்றினால் அது எப்படி நகர்கிறது என்பதை அவர் அப்போதே பார்க்க வேண்டும். இதைத் தேர்வறைக்குக் கொண்டுபோகும் எண்ணம் எங்களுக்கு இல்லை. பொறியியல் முதுநிலைப் படிப்புக்கான கேட் தேர்வில் கணினித் திரையிலேயே கால்குலேட்டர் தந்துவிடுகிறார்கள். நிரல் எழுதக்கூடிய கருவியை மற்றத் தேர்வுகளிலும் பெரும்பாலும் உள்ளே விடுவதில்லை. வகுப்பறையில், முதலில் நாகலூர், வெள்ளக்கடை போன்ற சேர்வராயன் மலைக் கிராமங்களின் மாணவர்களிடம் கொடுத்துப் பார்க்க விரும்புகிறோம்.

இப்போதைக்கு இஎஸ்பி32 சிப், ஐஎல்ஐ9341 கட்டுப்பாட்டுச் சிப் கொண்ட 320×240 புள்ளி வண்ணத் திரை, ஒரு 18650 லித்தியம் செல், அதற்கு டிபி4056 சார்ஜர் என்று எழுதி வைத்திருக்கிறோம். எல்லாம் எளிதில் கிடைப்பவை என்பதே காரணம். பலகையை அச்சுக்கு அனுப்புமுன் அனுபவம் உள்ளவர்கள் குறை சொன்னால் நன்றாக இருக்கும்.

மறுமொழி: ஏற்காடு, மின்னணுக் கருவி பழுதுபார்ப்பவர்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். நீங்கள் சிப்பிலிருந்து தொடங்கியிருக்கிறீர்கள்; செல்லிலிருந்து தொடங்கியிருக்க வேண்டும் என்பது என் எண்ணம். அந்த வண்ணத் திரையின் பின்விளக்கு மட்டுமே முழு வெளிச்சத்தில் 60 முதல் 80 மில்லியாம்பியர் வரை இழுக்கும். இஎஸ்பி32 வைஃபையை அணைத்து வைத்தாலும், முழு வேகத்தில் விழித்திருக்கும்போது 30 மில்லியாம்பியருக்குக் குறையாது. வரைபடம் போடும் கருவிக்கு வைஃபை எதற்கு என்பது வேறு கேள்வி. ஆக, நாள்தோறும் வகுப்பில் பயன்படுத்தினால் வாரத்துக்கு ஒரு முறையாவது சார்ஜ் போட வேண்டியிருக்கும். முப்பது கருவிகளை ஒரே நேரத்தில் சார்ஜ் செய்ய எந்த வகுப்பறையில் அத்தனை பிளக் இருக்கிறது? உதிரியாக விற்கும் 18650 செல்களில் "9900" என்று அச்சடித்ததையும் பார்க்கிறோம். அந்த அளவுள்ள நல்ல செல்லே 3500 மில்லியாம்பியர் மணியை ஒட்டித்தான் நிற்கும்.

மலையில் எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைப்பது சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் பென்சில் செல். அது பெரும்பாலும் அல்கலைன் அல்ல, பழைய கார்பன்-துத்தநாக வகை. கொள்ளளவு குறைவு, கூடுதல் மின்னோட்டம் கேட்டால் வோல்ட் உடனே சரிந்துவிடும். இந்தச் செல்லில் ஒரு பருவம் முழுக்க ஓடுமாறு வடிவமைத்தீர்கள் என்றால் மற்ற எல்லாத் தெரிவுகளும் தாமாகவே குறுகி வந்துவிடும். பின்விளக்கு இல்லாத, எஸ்டி7565 வகைக் கட்டுப்பாட்டுச் சிப் கொண்ட 128×64 ஒற்றை நிறத் திரை போதும். கேசியோவின் எஃப்எக்ஸ்-9860ஜி அதே அளவுத் திரையில்தான் ஓடியது. டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டிஐ-84 பிளஸ்ஸுக்கு 96×64 மட்டுமே.

ஒன்றை மறக்காதீர்கள்: இவ்வகைத் திரையின் அடர்த்தி, அதாவது புள்ளிகளின் கருமை, வெப்பநிலைக்கு ஏற்ப மாறும். மார்கழி விடியலில் ஏற்காட்டில் மங்கித் தெரிவது சித்திரை வெயிலில் சேலத்தில் முழுக்கக் கறுத்துவிடும். அடர்த்தியைக் கூட்டிக் குறைக்க ஒரு பொத்தான் சேர்க்கை அவசியம்.

மேலும், மலிவாகக் கிடைக்கிறதே என்று வோல்ட்டைச் சீராக வைக்கும் ரெகுலேட்டராக ஏஎம்எஸ்1117-ஐப் போட்டுவிடாதீர்கள். கருவி தூங்கினாலும் அது தனக்காக மட்டும் சுமார் 5 மில்லியாம்பியர் குடிக்கும். 1000 மில்லியாம்பியர் மணி உள்ள செல் வரிசை, ஒருவரும் ஒரு பொத்தானையும் தொடாமலே, எட்டு நாளில் தீர்ந்துவிடும். எம்சிபி1700 போன்றது 2 மைக்ரோஆம்பியருக்குள் அடங்கும்.

மறுமொழி: கருப்பூர், பொறியியல் மாணவி

செல்லைப் பற்றி ஐயா சொன்னது சரி. சிப்பைப் பொறுத்தவரை ஆர்பி2040 சிப் கொண்ட ராஸ்பெர்ரி பை பைக்கோ என்ற சிறு பலகையை எடுக்கலாம் என்பது என் கருத்து. இதில் தசமக் கணக்கீட்டுக்குத் தனி வன்பொருள் இல்லை என்று பலர் தயங்குகிறார்கள். ஒரு வளைவரைக்கு 400 புள்ளிகள் வேண்டும், ஒவ்வொன்றுக்கும் தாராளமாக 100 மைக்ரோநொடி ஆகிறது என்று வைத்துக்கொண்டாலும், முழு வரைபடமும் 40 மில்லிநொடியில் முடிந்துவிடும். டிஐ-84 பிளஸ் 15 மெகாஹெர்ட்ஸ் இசட்80 சிப்பில் ஓடுகிறது. 1985இல் வந்த கேசியோ எஃப்எக்ஸ்-7000ஜியில் நிரல்களுக்கு இருந்த இடம் 422 பைட். நமக்கு 133 மெகாஹெர்ட்ஸும் 264 கிலோபைட்டும் இருக்கின்றன. பைக்கோவின் கால்கள் அகலமாக இருப்பதால் பள்ளி மாணவர்களே பற்றவைத்துவிடலாம் என்பதும் குழுத் திட்டத்துக்குப் பெரிய வசதி.

மறுமொழி: ஏற்காடு

வேகத்தில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை, தூக்கத்தில்தான். ஆர்பி2040 ஆழ்ந்து தூங்கும்போதும் 0.2 மில்லியாம்பியர் அளவுக்கு இழுக்கிறது, பைக்கோ பலகையாக எடுத்தால் இன்னும் கூடுதல். எஸ்டிஎம்32எல்476 தன் நினைவகத்தை இழக்காமலே சுமார் 1 மைக்ரோஆம்பியரில் தூங்கும். அது 1.71 முதல் 3.6 வோல்ட் வரை ஓடுவதால், இரண்டு பென்சில் செல்களை ரெகுலேட்டரே இல்லாமல் நேராக இணைத்துவிடலாம்.

மறுமொழி: அஸ்தம்பட்டி, கேட்டவர்

இருவருக்கும் நன்றி. வண்ணத் திரையையும் வைஃபையையும் கைவிடுவதில் எங்களுக்கு வருத்தமில்லை. ஆனால் 128×64 திரையை ஏற்கக் கணித ஆசிரியராக எனக்குத் தயக்கம் இருக்கிறது. செங்குத்து அச்சு −10 முதல் 10 வரை என்று வைத்தால், 64 வரிசைகளில் ஒரு வரிசைக்கு 0.32 வருகிறது. ஒரு மாணவர் x² + 0.25 என்ற சார்பை வரைந்தால், அதன் அடிப்புள்ளி அச்சுக்கு அடுத்த வரிசையிலேயே விழும். இடையில் வெள்ளை வரிசை ஒன்றுகூட இல்லாததால் பரவளையம் அச்சைத் தொடுவது போலவே தெரியும். மெய்மூலம் இல்லாத சமன்பாட்டுக்கு இரட்டை மூலம் இருப்பதாக அவர் நம்பிவிடுவார். பெரிதாக்கிப் பார்க்கலாம் என்றாலும், பெரிதாக்க வேண்டும் என்ற ஐயம் முதலில் அவருக்கு எழ வேண்டுமே. 240 வரிசைகள் இருந்தால் ஒரு வரிசைக்கு 0.084, மூன்று வரிசை மேலே நின்று இடைவெளி கண்ணில் படும். செல்லையும் காத்து இதையும் பெற வழி உண்டா?

மறுமொழி: ஏற்காடு

உண்டு, பணம் கேட்கும். ஷார்ப் நிறுவனத்தின் மெமரி எல்சிடி 2.7 அங்குலத்தில் 400×240 புள்ளிகள் தருகிறது. பின்விளக்கு கிடையாது, வெயிலில் அருமையாகத் தெரியும், படம் அசையாமல் நிற்கும்போது மில்லிவாட்டில் பத்தில் ஒரு பங்குகூடச் செலவாகாது. முழுப் படத்துக்கும் வேண்டிய நினைவகம் 12,000 பைட் மட்டுமே. நீங்கள் முதலில் சொன்ன வண்ணத் திரைக்கு 1,53,600 பைட் ஆகியிருக்கும். ஸ்விஸ்மைக்ரோஸ் நிறுவனத்தின் டிஎம்42 கால்குலேட்டர் இதே அளவு ஷார்ப் திரையையும் எஸ்டிஎம்32எல்476 சிப்பையும் வைத்து ஒரே ஒரு பொத்தான் செல்லில் ஓடுகிறது.

கவனிக்க வேண்டியவை இரண்டு. இத்திரையின் பரவலாகக் கிடைக்கும் வகை 5 வோல்ட் கேட்கும்; வோல்ட்டை உயர்த்தித் தரும் ஒரு சிறு சார்ஜ் பம்ப் சிப்பைச் சேர்த்துவிடுங்கள். அடுத்து, படம் தெரியும் நேரமெல்லாம் நொடிக்கு ஒரு முறையாவது திரைக்குத் தரும் மின்னழுத்தத்தின் முனைவை (நேர், எதிர்) மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். தவறினால் நாளடைவில் படிகம் கெட்டுவிடும். இந்த வேலையைச் சிப்பின் கடிகாரப் பகுதியிடம் ஒப்படைத்தால் மற்றப் பகுதிகள் நிம்மதியாகத் தூங்கலாம்.

மறுமொழி: செவ்வாய்ப்பேட்டை

பொத்தான்களைப் பற்றி யாரும் பேசவில்லை. மாணவரின் கை படுவதென்னவோ அதில்தான். 6 கிடை வரிசை, 8 செங்குத்து வரிசை என அடுக்கினால் 14 கம்பிகளில் 48 பொத்தான்கள் கிடைக்கும். ஒவ்வொன்றுக்கும் மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டும் விடும் டயோடு ஒன்றைப் போடச் சொல்வார்கள், கால்குலேட்டருக்கு அது வீண். மூன்று பொத்தான்களை ஒருசேர அழுத்தினால்தான் இல்லாத நான்காவது தோன்றும். ஷிஃப்ட் பொத்தானை அழுத்திப் பிடிக்காமல் தட்டிவிடும் வகையாக நிரலில் எழுதினால் அந்தச் சிக்கலே வராது. எழுத்துகளைப் பொத்தானின் மேல் அச்சிட்டால் சில மாதங்களில் தேய்ந்துவிடும். தெளிவான பாலிகார்பனேட் தாளின் பின்பக்கத்தில் அச்சிட்டு ஒட்டுங்கள். பற்றவைக்கப் பூசும் பிளக்ஸின் பிசுக்கை வேலை முடிந்ததும் ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் துடைத்தெடுப்பதும் முக்கியம். மலைப் பனியில் அந்தப் பிசுக்கு ஈரத்தை ஈர்த்து, மைக்ரோஆம்பியர் கணக்கில் மிச்சம் பிடித்ததை எல்லாம் கசியவிட்டுவிடும்.

மறுமொழி: அஸ்தம்பட்டி, கேட்டவர்

முதல் மாதிரியைப் பைக்கோவில் மூன்று செல்களும் எம்சிபி1700 ரெகுலேட்டரும் வைத்துச் செய்து, நிரலைச் சரிபார்க்கப் போகிறோம். அடுத்த பலகையில் எஸ்டிஎம்32எல்476, இரண்டு செல்கள், ஷார்ப் திரை. இன்னும் ஒரு சந்தேகம்: மாணவர்கள் செல்லைத் தலைகீழாகப் போட்டுவிட்டால் என்ன செய்வது? வரிசையில் ஒரு டயோடு போதுமா?

மறுமொழி: கருப்பூர், பொறியியல் மாணவி

டயோடு வேண்டாம், சார். இழப்பு குறைந்த ஷாட்கி வகை என்றாலும் 0.3 வோல்ட் வரை விழும். இரண்டே செல்கள் இருக்கும்போது அது பெரிய இழப்பு. செல்லின் நேர்முனையில் மின் சுவிட்சாக வேலை செய்யும் ஒரு பி-சேனல் மாஸ்ஃபெட் டிரான்சிஸ்டரை வைத்தால் இழப்பு சில மில்லிவோல்ட்டோடு நின்றுவிடும். தாழ்ந்த வோல்ட்டிலும் முழுமையாகத் திறக்கும் வகையாகப் பார்த்து வாங்குங்கள். கார்பன் செல் தீர்ந்தபின் கசியும் என்பதால், செல் அறையைப் பலகையிலிருந்து தனியே தடுத்து வையுங்கள். ஸ்பிரிங்குகளைப் பலகையில் பற்றவைக்காமல் கழற்றி மாற்றும்படி வைத்தால் ஒரு கசிவுக்காகக் கருவி முழுவதையும் தூக்கிப் போட வேண்டியிருக்காது.